தோட்டா வரிப் பட்டிமன்றம்

என் வாயை என் புருஷன் அமெரிக்க அரசியலுக்குத் தாரை வார்த்துவிட்டார். அதுவும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

விஷயம் எனக்குத் தெரிந்ததே டிவியைப் பார்த்துத்தான். ஒஹாயோவில் நாங்கள் இருக்கும் ஊர் சின்ன ஊர். மாநில சட்டசபைக்குத் தேர்தல் வந்தால் உள்ளூர் சேனலில் வேட்பாளர்களின் விவாதத்தைப் போடுவார்கள். அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தது எங்கள் பக்கத்து வீட்டு வால்ட் ப்ரூபேக்கர். துப்பாக்கியும் தூண்டிலும் விற்கிற கடைக்காரர். மனிதர் வாயைத் திறந்தால் மூன்று வார்த்தை வரும், அதில் இரண்டு "ம்". அப்படிப்பட்ட வால்ட் அன்று மேடையில் கையை வீசி இப்படிச் சொன்னார்.

"நடுவர் அவர்களே! எதிரணி பேசப் பேச எனக்கு எங்க வீட்டு மிக்ஸி ஞாபகம்தான் வருது. சத்தம் ஜாஸ்தி, சல்சா கம்மி!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குத் தோசைக் கரண்டி கையிலிருந்து நழுவிவிட்டது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த ஜோக். கொலம்பஸ் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா பட்டிமன்றத்தில் என் எதிரணிக்காரன் என்னைப் பார்த்து அடித்த ஜோக். சட்னி சல்சா ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

"ஏங்க! இங்கிட்டு வாங்க!"

என் கணவர் குலசேகரன் வந்தார். டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோசையைப் பார்த்தார். தோசை கருகிக்கொண்டிருந்தது.

"வல்லி, கோவப்படாம கேளு. நம்ம கம்பெனியில காதுல மாட்டுற ஒரு பட்டன் பண்றோம்ல?"

"குசுகுசுவா?"

கம்பெனி அதற்கு ஏதோ ஸ்டைலான பெயர் வைத்திருந்தது. நான் வைத்த பெயர் குசுகுசு. அவருக்கு அது பிடிக்காது.

"சரி, குசுகுசு. எதிராளி பேசறதைக் கேக்கும், அவர் மூச்சு விடறதுக்குள்ள பதிலைக் காதுல சொல்லும். நம்ம ஆள் அப்படியே திருப்பிச் சொல்லிட வேண்டியது. இப்ப எல்லாருமே போட்டுக்கறாங்க, மூக்குக்கண்ணாடி மாதிரி, யாரும் ஒளிக்கறதில்ல. ஆனா பேசக் கத்துக்கொடுக்கணுமே? உலகத்துல இருக்கற பார்லிமெண்ட் பேச்செல்லாம் ஊத்திப் பார்த்தோம். மெஷினே கொட்டாவி விட்டுச்சு. அப்பத்தான் நம்ம சங்கத்துப் பட்டிமன்ற வீடியோ எல்லாம் என்கிட்ட இருக்கறது ஞாபகம் வந்துச்சு."

"அதுக்கு?"

"சூடா பதில், கூட்டம் சிரிக்குது, எதிராளிக்கு முகம் செத்துப்போகுது. அதை விட முக்கியம், நீ பொங்கலுக்குக் கூட்டுக் குடும்பமேன்னு பேசின, தீபாவளிக்குத் தனிக் குடும்பமேன்னு பேசின. ரெண்டுக்கும் கைதட்டல். எந்தப் பக்கம் வேணும்னாலும் பேசற வாய் வேற எங்க கிடைக்கும், சொல்லு."

"இது பாராட்டா, திட்டா?"

"டெக்னிக்கலா ரெண்டும்."

"ரெண்டு பக்கத்துக்கும் விக்கிறீங்களாக்கும்?"

"வியாபாரம்னா அப்படித்தானே."

"அப்ப அங்கன மேடையில மோதிக்கிறது நானும் நானுமா?"

"நீயும் முத்தரசும்."

முத்தரசு என்னுடைய நிரந்தர எதிரணி. தேனிக்காரன், என்னை அக்கா என்பான், மேடையில் மட்டும் கிழித்துத் தொங்கவிடுவான். ஆக, வால்டின் காதில் முத்தரசு. வால்டுக்கு எதிரே நின்ற அம்மாள் காதில் நான்.

கோபத்தில் மறுநாள் மதியம் வரை நான் அவரோடு பேசவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் அவ்வப்போது சமையலறையிலிருந்து கத்தினேன். அவரும் பாவம், ஒவ்வொரு தடவையும் "ஆமா" என்றார்.

எனக்கு உண்மையான வயிற்றெரிச்சல் வேறு. வால்டுக்கு எதிரே நின்ற அந்த அம்மாள் வேறு யாருமில்லை, அவருடைய கூடப் பிறந்த அக்கா. பெயர் லோர்னா. பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் என் மகளுக்கு ஜுரம் கண்டபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர். பனியில் கார் ஓட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர். வால்டோ எங்கள் வீட்டு வாசல் பனியைக் கேட்காமலே தள்ளிவிட்டுப் போகிறவர். வெள்ளிக்கிழமையானால் இடியாப்பம் வாசனைக்கு வேலியோரம் வந்து நிற்பார். நான் எப்போதும் "சாப்டாச்சா?" என்பேன்.

"ஏன் வல்லி, நீங்க வணக்கம் சொல்றதுக்குப் பதிலா சாப்பாட்டைப் பத்தியே விசாரிக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டார். அவர் கேட்டதென்னவோ இங்கிலீஷில்தான். எனக்கு இந்த ஊர் இங்கிலீஷெல்லாம் மதுரை வழியாகத்தான் காதுக்குள் வரும், அப்படியேதான் உங்களுக்கும் சொல்ல முடியும்.

"நாங்க சண்டை போட்டாலும் அதைத்தான் கேப்போம்" என்றேன்.

இந்த இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் என் வீட்டில் உட்காரவைக்க முடியாது. மூன்று வருஷமாகப் பேச்சில்லை. காரணம் ஒரு துப்பாக்கி. அவர்களுடைய அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி. அப்பா போனபிறகு வால்ட் அலமாரியைத் திறந்திருக்கிறார், காலி. மக்களிடமிருந்து துப்பாக்கிகளை வாங்கி உருக்குகிற அரசாங்கத் திட்டம் ஒன்று உண்டு. லோர்னா அதில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டிருந்தார். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

இப்போது தேர்தல் வேறு. லோர்னா கொண்டுவர நினைத்தது தோட்டா வரி. துப்பாக்கிக் குண்டு வாங்குகிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர் வைப்பது. வால்டுக்கு வரி என்றாலும் ஆகாது, துப்பாக்கியில் கை வைத்தாலும் ஆகாது. இது இரண்டையும் ஒன்றாக அரைத்துக் கொடுத்தால் மனிதர் என்ன செய்வார்? தேர்தலில் நின்றுவிட்டார்.

அவர்கள் சொந்த வாயால் பேசியிருந்தால் நாலு வாக்கியத்தோடு முடிந்திருக்கும். குசுகுசு விடுமா?

அடுத்த விவாதத்தில் வால்ட் சொன்னார்: "எங்க அப்பா துப்பாக்கியை அரசாங்கம் காசு கொடுத்து வாங்கி உருக்கிடுச்சு நடுவரே. யாரு காசு? என் வரிப் பணம்! ஆக, சுடப்பட்டதும் நான்தான், தோட்டாவுக்குத் துட்டுக் கொடுத்ததும் நான்தான்!"

கூரை அதிர்ந்தது. அரை நொடியில் லோர்னா: "எங்க தம்பிக்குக் கணக்கு வராது நடுவரே. அவன் வீட்டுப்பாடம் பூராவும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அப்படியும் நாலாங்கிளாஸ்ல ரெண்டு வருஷம் இருந்தான். ஒரே கிளாஸை ரெண்டு தடவை படிச்சவனுக்கு, ஒரு வரியை ஒரு தடவை கட்டக் கசக்குதாம்!"

மறுபடி கூரை அதிர்ந்தது. வால்டின் முகம் போன போக்கை நான் டிவியில் பார்த்தேன். நாலாங்கிளாஸ் விஷயம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவர் கட்சிக்காரர்களே சிரித்தார்கள்.

மறுநாள் லோர்னா எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வல்லி, நான் அதைச் சொல்லணும்னு நினைக்கவே இல்ல. நாலாங்கிளாஸ் கதையை மெஷினுக்கு எப்பவோ உளறியிருக்கேன் போல. அது காதுல சொல்லுச்சு, வாயில வந்துடுச்சு. ஜனங்க சிரிச்சாங்க. சிரிச்சதும் இன்னொண்ணு சொல்லணும்னு ஆசையாயிடுச்சு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு அந்த ஆசை தெரியும். கூட்டம் சிரித்துவிட்டால் நாக்கு நம்முடையதில்லை. அவர் போனதும் குலசேகரனைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா தம்பியைப் பிரிக்கிற பாவம் என் வாயால நடக்குது. நல்லாருக்கா உங்களுக்கு?"

"ஏற்கெனவே பிரிஞ்சவங்கதானே வல்லி?"

"பிரிஞ்சது வேற, நாறினது வேற. நானும் முத்தரசும் மேடையில அத்தனை அடிச்சுக்கிறோம், அப்புறம் என்ன செய்வோம்? கீழ இறங்கி ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்ல? அதைச் சொல்லிக்கொடுத்தீங்களா உங்க மெஷினுக்கு?"

"வீடியோவைப் பூரா அப்படியே ஊத்திட்டோம். எதை எடுத்துக்கிச்சோ, எதை விட்டுச்சோ, அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார். படித்துப் படித்து இன்ஜினியர் ஆன மனிதர் சொல்கிற பதிலா இது?

கடைசி விவாதம் உள்ளூர் பள்ளிக்கூடத்து ஜிம்மில் நடந்தது. குசுகுசு சில சமயம் "இலைமறை காய்" என்கிற ரீதியில் எதையாவது சொல்லித் தொலைக்கிறது, அர்த்தம் சொல்ல ஆள் வேண்டும் என்று கம்பெனி என்னையும் கூப்பிட்டிருந்தது. மேடைக்குப் பின்னால் ஒயர்களுக்கு நடுவே குலசேகரனும் நானும். நடுவராக வந்தவர் பெர்ட். உள்ளூர் ரேடியோவில் வானிலை வாசிக்கிறவர். மழை வரலாம், வராமலும் போகலாம் என்றே காலம் தள்ளியவர். அதனால் இரு கட்சிக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று.

நான் வாழ்நாளில் கேட்ட மிகச் சிறந்த பட்டிமன்றம் அது. மனசைத் தொட்டுச் சொல்கிறேன், என்னால் கூட அப்படிப் பேச முடியாது. ஜனங்கள் பெஞ்சில் ஏறி நின்று கைதட்டினார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. எனக்கு உட்கார முடியவில்லை.

முந்தைய விவாதங்களில் இல்லாத நிறைவுரை இந்தத் தடவை இருந்தது, அதுவும் முடிந்தது. வால்ட் மேடை நடுவை விட்டு விலகிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். லோர்னாவும் போய் உட்கார்ந்தார். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பெர்ட்டையே பார்த்தார்கள்.

பெர்ட் சிரித்தார். "நன்றி. கடைசியா ஏதாவது?"

பதில் இல்லை. இரண்டு பேரும் பயபக்தியாக அவரையே பார்த்தார்கள். கூட்டமும் பார்த்தது. நேரலை வேறு.

"என்னங்க ஆச்சு? குசுகுசு செத்துப்போச்சா?" என்றேன்.

குலசேகரன் திரையைத் தட்டினார். முகம் வெளிறிவிட்டது. "நல்லாத்தான் இருக்கு. ஏதோ வரும்னு காத்துக்கிட்டு இருக்கு."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி புரிந்தது. "அட கிரகமே! தீர்ப்புங்க! நிறைவுரை முடிஞ்சப்புறம் நடுவர் தீர்ப்பு சொல்லாம நாங்க என்னைக்குங்க வாயத் தொறந்திருக்கோம்?"

அமெரிக்காவில் நடுவர் தீர்ப்பு சொல்லமாட்டார். மணி அடிப்பார், நன்றி சொல்வார், போய்விடுவார். பெர்ட் வியர்த்துக் கொட்டி, "நாளைக்கு... ஓரளவு மேகமூட்டம்" என்று ஆரம்பித்துவிட்டார்.

பெர்ட்டின் காதிலும் ஒரு கருவி இருந்தது. ஆனால் அது சாதாரணமானது, நிகழ்ச்சிக்காரர்கள் "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று சொல்வதற்கு. அதன் மைக் என் பக்கத்து மேஜையில்தான் கிடந்தது. குலசேகரன் "வல்லி, வேணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட்டேன்.

"பெர்ட், நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க."

மூழ்குகிறவன் கையில் கட்டை கிடைத்த மாதிரி மனிதர் பிடித்துக்கொண்டார்.

"இரு தரப்பு வாதங்களையும் கேட்டேன்" என்றார் பெர்ட். நாற்காலியில் இருந்த இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "தோட்டாவுக்கு வரி வேணுமா வேண்டாமாங்கறதுக்குத் தீர்ப்பு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. அதை நீங்க எல்லாரும் செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டுச் சொல்லுங்க. ஆனா இங்க நடக்கற வழக்கு அது இல்ல. இது ஒரு வீட்டுத் துப்பாக்கியைப் பத்தின வழக்கு. அதுக்கு நான் தீர்ப்பு சொல்லலாம். அக்கா, கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். தம்பி, கொடுத்ததுக்கு அப்புறமாவது ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ரெண்டு பேரும் கேக்கல. ஆகவே இரண்டு அணியும் தோற்றது என்று தீர்ப்பளித்து விடைபெறுகிறேன்." மூச்சு வாங்கிக்கொண்டு அவராகவே சேர்த்தார்: "நாளை மழைக்கு வாய்ப்பு உண்டு."

நான் மைக்கைக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. வால்ட் எழுந்தார். அக்காவுக்குப் பக்கத்தில் போனார். மைக் சட்டையில்தான் இருந்தது.

"அக்கா, சாப்டாச்சா?"

லோர்னா அரை நொடி கூட யோசிக்கவில்லை. "எங்கிட்டுச் சாப்பிட? நீ கத்தின கத்துல பசியே போச்சு. வா, வா. இலை போட்டாச்சு."

குலசேகரன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அது முத்தரசும் நானும். ஒவ்வொரு பட்டிமன்றம் முடிந்ததும், கேமராவை நிறுத்த மறந்து, மேடை ஓரத்தில் நாங்கள் பேசிக்கொள்வது. வீடியோவின் வாலை இந்த மனிதர் வெட்டவே இல்லை. முதல் தடவையாக அவருடைய சோம்பேறித்தனத்தைக் கொஞ்சிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் எல்லாச் சேனலிலும் இதுதான். "இலை போட்டாச்சு" என்றால் என்ன என்று நிபுணர்கள் வட்டமேஜை போட்டுப் பேசினார்கள். வரிக்கொள்கை பற்றிய குறியீடு என்றார் ஒருவர். பக்கத்து மாநிலத்தில் ஒரு வேட்பாளர் எதிராளியைத் திருடன் என்று சொல்லிவிட்டு, முடிவில் கை கூப்பி "சாப்டாச்சா?" என்று கேட்டாராம். குலசேகரன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"வல்லி, ஒரு வார்த்தை கேக்கட்டுமா? அந்த சாப்டாச்சாவை மட்டும் தனியா எடுத்து, சமாதானப் பேக்கேஜ்னு விக்கலாம்னு கம்பெனியில..."

"கேட்டதுக்குச் சந்தோஷம். முடியாது."

லோர்னா போன் செய்தார். அந்தப் பக்கம் வால்டும் வேலியோரம் வந்து நின்றார். இரண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "வல்லி, இலைன்னா என்ன? நாங்க ஊரறிய என்ன வாக்குக் கொடுத்திருக்கோம்?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் வீட்ல சாப்பிட வர்றதா வாக்குக் கொடுத்திருக்கீங்க" என்றேன். பொய்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

வந்தார்கள். இந்தியக் கடையில் ஃப்ரீஸரில் கிடந்த வாழை இலையை வெந்நீரில் அலம்பிப் போட்டிருந்தேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னேன், குசுகுசுவையும் கழற்றச் சொன்னேன். குசுகுசு இரண்டையும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுச் செருப்பு ஸ்டாண்ட் மேல் வைத்தேன்.

சாப்பாடு பரிமாறியாயிற்று. பேச்சே இல்லை. ஐயோ, அந்த மௌனத்தை என்ன சொல்ல! வால்ட் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து லோர்னாவும் காதைத் தொட்டார். மூன்று மாதமாக ஊரையே சிரிக்க வைத்த இரண்டு வாய்கள், இப்போது ஒரு வாக்கியத்துக்கு முக்குகின்றன. எனக்கு அழுகை முட்டியது. இனிமேல் இவர்களுக்குச் சொந்தமாகச் சண்டை போடக்கூடத் தெரியாதோ?

"சாம்பார்... ம்... நல்லா இருக்கு" என்றார் வால்ட்.

"ம்" என்றார் லோர்னா.

வால்ட் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நாக்கு எழாமல், தட்டுத் தடுமாறி, "ஏன் லோர்னா?" என்றார்.

லோர்னா கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்துவிட்டார்.

"அப்பாவுக்கு ஓட்ஸ் எடுத்துக்கிட்டுப் போனேன். காலையில. சமையலறையில நின்னுக்கிட்டு இருந்தாரு, துப்பாக்கியை என் மேல நீட்டிக்கிட்டு. யாரு நீன்னாரு. லோர்னாப்பான்னேன். லோர்னா ஸ்கூலுக்குப் போயிருக்கான்னாரு."

லோர்னா தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"எவ்வளவு நேரம் அப்படி நின்னேன்னு தெரியல. அப்புறம் அவரே கீழ வச்சுட்டு, காபி போடட்டுமாம்மான்னு கேட்டாரு. அன்னிக்கே காரில போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்."

"என்கிட்ட கொடுத்திருக்கலாமே. கடையில பூட்டி வச்சிருப்பேனே."

"கொடுத்தா ஏன்னு கேப்பியே வால்ட். உனக்குச் சுடச் சொல்லிக்கொடுத்த கை அது. உன் ஞாபகத்துல அது அப்படியே இருக்கட்டும்னு நினைச்சேன்."

குலசேகரன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "இதை மேடையில சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமை லோர்னாதான் ஜெயிப்பாங்க வல்லி." தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

வால்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சாம்பார்க் கையோடு, அது வேறு எரிந்து இன்னும் தண்ணீர் வந்தது. பிறகு அப்பளத் தட்டை அக்கா பக்கம் தள்ளினார்.

"நீ ஒண்ணுமே சாப்பிடல."

லோர்னா ஒரு அப்பளத்தை எடுத்துக் கடித்தார். தம்பியை நேராகப் பார்த்தார். தம்பியும் பார்த்தார்.

"ஆனாலும்" என்றார் வால்ட், "உன் தோட்டா வரி... அது ஒரு... அது சரியில்ல."

"ஏன் சரியில்ல?"

"ஏன்னா... சரியில்ல."

"இதெல்லாம் ஒரு பதிலா?"

"அப்ப நீ சொல்லு!"

"சொல்றேன் இரு. முதல்ல... இரு, யோசிக்கறேன்!"

பட்டிமன்றம் என்று பார்த்தால் படு மோசம். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள், நடுவில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று மறந்தார்கள், ஒரு ஜோக் கூடத் தேறவில்லை. என் இலைக்கு எதிரே உட்கார்ந்து மனசு குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரசம் எடுத்துவர எழுந்தபோது வாசல் பக்கமிருந்து கிசுகிசுவென்று ஏதோ சத்தம். போய்ப் பார்த்தேன். செருப்பு ஸ்டாண்ட் மேல் இருந்த டம்ளருக்குள் குசுகுசு இரண்டும் உள்ளே நடக்கிற சண்டையைக் கேட்டுக்கொண்டு, கேட்க ஆளில்லாமல், மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. குனிந்து காதைக் கொடுத்தேன். அக்காவின் "இதெல்லாம் ஒரு பதிலா"வுக்கு ஒன்று பதில் சொல்லியது பாருங்கள், அபாரம். எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மேலே ஒரு தட்டை வைத்து மூடிவிட்டு, ரசத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.